மலையகத்தில் எழுதக் கற்றவர்கள்

இந்த வாரம் மலையக இலக்கியத்தின் ஒரு பழைய அத்தியாயத்தைச் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லத் தூண்டியது ஒரு விண்ணப்பப் படிவம்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹற்றனில் மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு பகற்பொழுதில், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். உயர்தரம் சித்தியடைந்தவள். ஆங்கிலமும் ஊன்றிப் படித்திருக்கிறாள். தாயார் இன்றைக்கும் மலைக்குப் போகிறவர். பிள்ளையின் கையில் நனைந்துவிடாதபடி பொலித்தீன் பைக்குள் சுற்றிய சில தாள்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் 'படைப்பெழுத்து' என்ற பாடத்தில் பட்டம் படிப்பதற்கான விண்ணப்பம் அது. கைத்தொலைபேசியில் வந்ததை நகரத்தில் அச்செடுத்திருந்தாள்.

"சேர், எழுதுறதுக்குன்னே டிகிரி இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். படிவத்தில் இரண்டு விடயங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று, விண்ணப்பதாரர் எழுதிய கதையோ கவிதையோ, மாதிரிக்குச் சில பக்கங்கள். மற்றது, இந்தப் படிப்புக்கு அவர் இதுவரை எவ்வாறு ஆயத்தம் செய்திருக்கிறார் என்பது பற்றி ஒரு பக்கம். முதலாவதற்கு ஒரு கதை வைத்திருந்தாள். இரண்டாவது பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல என்னத்தை சேர் எழுதுறது? தோட்டத்துல யாரு எங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுத்தாங்க?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு வரச் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் நான் பழைய புத்தகங்களையும் என் ஞாபகத்தையும் புரட்டிப் பார்த்ததன் பலன்தான் இந்த உரை.

எழுத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முடியுமா என்று நம்மவர்களில் பலர் இன்றைக்கும் சிரிப்பார்கள். அது பிறவியிலேயே வரவேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கட்டுரைக்குப் பதிலாகக் கதை, கவிதை முதலிய படைப்புகளையும் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்தது. 1936இல் அங்கு எழுத்தாளர் பட்டறை தொடங்கிற்று. இங்கிலாந்தில் ஈஸ்ட் அங்லியாப் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டு மல்கம் பிரட்பரியும் அங்கஸ் வில்சனும் அவ்வாறான படிப்பைத் தொடக்கினார்கள். அவர்களது முதல் மாணவர் இயன் மெக்யூவன். 2017இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவும் அங்கே படித்தவரே.

இந்தப் பட்டறைகளில் நடப்பது என்ன? பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஒருவர் எழுதியதைப் பிரதியெடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். எல்லாரும் வாசித்துக்கொண்டு வந்து, வட்டமாக இருந்து, நல்லது கெட்டது பேசுவார்கள். எழுதியவர் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுத வேண்டும். அவ்வளவுதான். அதே அயோவாவில் 1967இல் ஏற்பட்ட சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு 1973ஆம் ஆண்டு நம் அசோகமித்திரன் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தார். அந்த அனுபவந்தான் அவருடைய 'ஒற்றன்' என்ற நாவல். அதை வாசித்தவர்களுக்குத் தெரியும்: அங்கே போய்த் தமிழ் எழுத்தாளர் கற்றுக்கொண்டது எழுத்தை அல்ல, குளிரையும் தனிமையையும் பலதேசத்து மனிதர்களையும். எழுத அவர் முன்பே கற்றிருந்தார்.

ஆகவே ஒரு பட்டறைக்குத் தேவையானவை மூன்று என்று வைத்துக்கொள்வோம். காட்டுவதற்குக் கையில் எழுத்து. அதை வாசித்துக் குறை சொல்ல மனிதர். வாசிக்க நல்ல புத்தகம். இந்த மூன்றும் மலையகத்தில் யாருக்கு, எங்கே, எவ்வளவு கிடைத்தன என்பதே கேள்வி.

ஹற்றனிலிருந்து புகையிரதத்தில் ஏறினால் சில மணித்தியாலத்தில் பேராதனை வந்துவிடும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பிலே தொடங்கி, 1952இல் மகாவலிக் கரைக்கு வந்தது. தமிழ்த்துறையின் முதற் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். பின்னர் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் இருந்து வளர்த்த துறை அது. அங்கேயும் எழுத்துக்குப் பட்டம் இருக்கவில்லை. சங்க இலக்கியமும் இலக்கணமும் சாசனமும் படித்துப் பட்டம் பெற்றார்கள். கதை எழுதியது விடுதி அறைகளில். ஆயினும் 1960களின் தொடக்கத்தில் பேராதனை மாணவர்கள் தங்கள் சிறுகதைகளைத் தாங்களே தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். 1962இல் வந்த 'கதைப்பூங்கா' அவ்வகையானது. அந்தத் தலைமுறையிலிருந்து செங்கை ஆழியான் போன்றவர்கள் வந்தார்கள். அதே வருடங்களில் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று நாட்டுக்கூத்துகளை மாணவர்களைக்கொண்டு மேடையேற்றிக்கொண்டிருந்தார். பெயர் வைக்காத பட்டறைதான் அது.

அந்தப் பட்டறையைச் சுற்றிலும் மலைகளில் தேயிலை நின்றது. தேயிலைக்குள்ளிருந்து அங்கே போனவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம். காரணம் சிக்கலானதல்ல. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் தலையில் சுமத்தியது. நிருவாகம் சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டு ஒரு வாத்தியாரை வைத்தது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

நான் படித்த பள்ளிக்கூடமும் அப்படியானதே. ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். முதலாம் வகுப்பு சத்தம்போட்டு எழுத்துக்கூட்டும்போது ஐந்தாம் வகுப்பு காதைப் பொத்திக்கொண்டு கணக்குச் செய்ய வேண்டும். ஐந்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பத்து வயதில் பெயர் பதிந்து கொந்தரப்புக்குப் புல்லு வெட்டப் போகலாம், அல்லது தங்கை தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருக்கலாம். எனக்கு ஹற்றனில் ஒரு மாமன் இருந்ததால் நான் தப்பினேன். இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

ஆனால் 'யாரும் எழுதச் சொல்லித்தரவில்லை' என்று பிள்ளை சொன்னது பாதிதான் உண்மை. வாசிக்கத் தெரியாத சனங்களிடம் ஒரு பெரிய பயிற்சி இருந்தது. மாசி மாதத்தில் காமன்கூத்து நடக்கும். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். எதிராளி பாடி முடிப்பதற்குள் மறுமொழியை மெட்டோடு கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிந்தினால் கூட்டம் சிரிக்கும். வாய் மூடி இருந்து விமர்சனம் கேட்பதைக் காட்டிலும் கடுமையான பயிற்சி இது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண் என்ன செய்கிறாள்? செத்தவருடைய வாழ்க்கையில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும், யார் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்று அந்தக் கணத்திலேயே தெரிந்தெடுக்கிறாள். என் அம்மாயி பெரிய கங்காணியின் இழவிலே அழுதுகொண்டே அவர் பிடித்த கடன் கணக்கையெல்லாம் பாடிவிட்டார் என்று எங்கள் லயத்தில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள்.

இந்த வாய்மொழியை அச்சோடு சேர்த்து முடிந்தவர்கள் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும். தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர் 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். 1930களில் ஹற்றனை மையமாகக்கொண்டு தோட்டத் தொழிற்சங்கம் கட்டினார். 1936இல் அரசாங்க சபைக்கு ஹற்றன் தொகுதியின் உறுப்பினரானார். தொழிலாளருக்காக நாடகம் எழுதினார். மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடுவார். அந்தப் பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சாகிக் கையோடு கைமாறின. வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு லயத்துக்கு இருந்தால் போதும், மற்றவர்கள் மனனம் பண்ணிக்கொள்வார்கள். மலையகத்தில் எழுத்தென்பது தனியே ஒருவர் மேசையிலிருந்து செய்த காரியமாகத் தொடங்கவில்லை. மேடையில், சங்கக் கூட்டத்தில், நாலுபேர் கேட்கத் தொடங்கிற்று.

அடுத்து வருபவர் சி.வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். ஹற்றனிலும் பின்னர் கொழும்பு நாலந்தாவிலும் படித்தார். இதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவர் பெரிய கங்காணி குடும்பத்துப் பிள்ளை. அதனால்தான் அந்தக் காலத்தில் கொழும்புப் படிப்பு கிடைத்தது. கொழுந்து பறிப்பவள் மகனுக்கு அது கிடைத்திராது. ஆனால் கிடைத்த படிப்பை அவர் எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தார் என்பதல்லவா விடயம்? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அந்த முறை மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழுபேர் தெரிவாகினர். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த தேர்தலில் அவர்களுக்கு வாக்களித்த சனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை.

சி.வி. முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய நீண்ட ஆங்கிலக் கவிதையைச் சக்தீ அ. பாலஐயா தமிழாக்கி 'தேயிலைத் தோட்டத்திலே' என்று 1969இல் நூலாக்கினார். எங்கள் வாழ்வைப் பற்றிய கவிதை எங்களுக்கு மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்தது! அக்காலத்தில் சிலர் இதைக் குறையாகவும் சொன்னதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்பதை யோசிக்க வேண்டும். வாக்கு இல்லாத சனங்களுக்காக, வாக்கைப் பறித்தவர்களின் மொழியில் பேசினார். பிறகு அவரே தமிழுக்கு வந்தார். 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' முதலிய நாவல்களைத் தந்தார். தோட்டந் தோட்டமாகச் சேர்த்த நாட்டார் பாடல்களை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கினார். அடுத்த வருடம் காலமானார். ஆங்கிலக் கவிதையில் தொடங்கியவர் கடைசியில் கொழுந்துக்காரப் பெண்களின் பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவராக முடிந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரிடம் மதிப்புக் கூடும்.

இனி, உண்மையான பட்டறைக்கு வருவோம். அது பத்திரிகைக் காரியாலயம். கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தார். வானொலி நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்த என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதை 1961இல் தினகரனில் வெளிவந்தது. ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையைச் சுற்றி எழும் சந்தேகந்தான் கதை. கொழுந்து மடுவத்துத் தராசு ஒரு கதையின் நடுவில் வந்து நின்றது. தோட்டத்தில் எங்களுக்குத் தினமும் தெரிந்த அந்தத் தராசு கதைக்கு ஆகும் என்று அதற்கு முன் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ராமையாவின் உரையாடலில் ஒரு சொல்லும் கூடுதலாக இராது. வானொலிக்கு எழுதிப் பழகிய கை அது. கேட்பவருக்கு முகம் தெரியாது. குரல் ஒன்றே ஆளைக் காட்ட வேண்டும். வானொலியில் இருந்துகொண்டு வானொலியைப் புகழ்வதாக நேயர்கள் எண்ணக் கூடாது.

வீரகேசரியில் தோட்ட மக்களுக்கென்று தனிப்பக்கம் இருந்தது. அதைப் பார்த்தவர் எஸ்.எம். கார்மேகம். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாயின. தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகளில் பரிசு பெற்றவர்களில் ஒருவர். 1934இல் பிறந்த அவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகன். தாமும் தெளிவத்தைத் தோட்டத்தில் வாத்தியாராக இருந்தார். தோட்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். பட்டதாரி என்று பெயருக்குப் பின்னால் போடுவதற்குப் பதிலாக, பெயருக்கு முன்னால் ஒரு தோட்டம்!

அந்தப் போட்டிகளின் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஒரேயொரு பத்திரிகை வரும். சங்கத்து வாசிகசாலையில் ஒரு பெரியவர் உரக்க வாசிப்பார். கதை வந்த நாளில் பிரட்டுக்களத்தில் மறுநாள் காலை அதைப் பற்றியே பேச்சு. "அந்தக் கணக்கப்பிள்ளை நம்ம ஐயா மாதிரியே இருக்கானே" என்பார்கள். "அப்படி ஒருத்தி மூஞ்சிக்கு நேரா பேசுவாளா? எழுதினவன் தோட்டத்தைப் பார்த்ததில்ல" என்று ஒரு கிழவி தள்ளிவிடுவாள். அந்தக் கிழவிக்கு மேலான விமர்சகரை நான் பிறகு எந்த மண்டபத்திலும் காணவில்லை.

எனக்கும் ஆசை வந்தது. பதினேழு வயதில் ஒரு கதை எழுதிப் பத்திரிகையொன்றுக்கு அனுப்பினேன். கதாநாயகன் மெரினாக் கடற்கரையில் நடந்துகொண்டே காதலியை நினைப்பான். மூன்று வாரத்தில் ஒரு தபாலட்டை வந்தது. "தம்பி, நீங்கள் மெரினாவைப் பார்த்திருக்கிறீர்களா?" அவ்வளவுதான், கீழே கையொப்பம். வெட்கத்தில் இரண்டு நாள் யாருக்கும் காட்டவில்லை. அந்த அட்டை இன்னமும் என்னிடம் இருக்கிறது.

அப்படியான அட்டை பெற்றவன், ஆசிரியனான பிறகு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 1980களில் என் வகுப்பிலே ஒரு மாணவி 'நான் கண்ட ஒரு நாள்' என்ற கட்டுரையில் தன் தாயின் ஒரு நாளை எழுதியிருந்தாள். 'பிரட்டு' என்று இருந்ததை அடித்து 'அணிவகுப்பு' என்று எழுதினேன். 'கொழுந்து மடுவம்' என்பதை அடித்துத் 'தேயிலை நிறுக்கும் இடம்' ஆக்கினேன். 'அம்மாவுக்கு அரைப்பேர் போட்டாங்க' என்பதற்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு 'கொச்சை' என்று குறித்தேன். பரீட்சையில் புள்ளி போய்விடும் என்ற பயம் எனக்கு. அடுத்த கட்டுரையில் அவள் 'எனது பொழுதுபோக்கு' என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். நான் பதினெட்டுப் புள்ளி போட்டேன். சாதாரணதரத்தோடு அவள் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். போனதற்கு என் சிவப்பு மை காரணமல்ல. வீட்டு வறுமை காரணம். ஆனால் அவள் எழுதாமற் போனதில் எனக்குப் பங்குண்டு.

திரும்ப வரலாற்றுக்கு வருகிறேன். மலையகத்தில் எழுதக் கற்றவர்களுக்கு வாசகர் கிடைத்தார்கள், ஆசிரியர் கிடைத்தார்கள். கிடைக்காதது புத்தகம். கணக்கைப் பாருங்கள். ராமையாவின் கதை 1961. அதே பெயரில் தொகுப்பு 1980. ஜோசப் 1960களில் பரிசு பெறுகிறார். 'நாமிருக்கும் நாடே' தொகுப்பு 1979. சி.வி.யின் 'வீடற்றவன்' 1960களில் பத்திரிகையில் தொடராக வந்தது, நூலானது 1981. இருபது வருடம் ஒரு எழுத்தாளனின் சொத்து முழுவதும் பத்திரிகைத் துண்டுகள்! வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் 'உங்கள் எழுத்தை அனுப்புங்கள்' என்று கேட்கும் அந்தக் கோப்பு, நம்மவர்களிடம் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த பழுப்புக் காகிதமாக இருந்தது.

அந்தப் பெட்டிகளுக்கு என்ன நடந்தது? 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் பேரில் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. ஹற்றன் ஸ்டேசனில் அழுகையும் ஒப்பாரியுமாகத் தலைமன்னார்ப் பயணம் தொடங்கும். எங்கள் வாசிகசாலைப் பெரியவரும் 1970களில் குடும்பத்தோடு போனார். போகும்போது தான் வெட்டி வைத்திருந்த கதைகளையும் கவிதைகளையும் ஒரு கட்டாக என்னிடம் தந்தார். "கப்பல்ல சாமான் நிறுப்பாங்களாம் தம்பி. காகிதத்துக்கு இடமில்ல." நான் அதை லயத்து அட்டாலியில் வைத்தேன். அந்த வருட மழையில் கூரைத் தகரம் ஒழுகியது. கட்டைப் பிரித்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகியிருந்தது. அதிலே இருந்த பெயர்களில் சில எந்தத் தொகுப்பிலும் இல்லை.

இதைக் கொஞ்சமாவது மீட்டவர்களும் பல்கலைக்கழகத்தார் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையில் ரீமேக்கராக இருந்த சாரல்நாடன் சி.வி.யைப் பற்றி 1986இலும் நடேசய்யரைப் பற்றி 1988இலும் நூல்கள் எழுதினார். பகலில் இலை வாட்டி, அரைத்து, உலர்த்தும் கணக்கைப் பார்த்தவர் இரவில் ஐம்பது வருடத்துப் பத்திரிகைகளைத் தேடினார். தெளிவத்தை ஜோசப் பழைய பத்திரிகைகளில் சிதறிக்கிடந்த கதைகளைத் தேடித் தொகுத்தார். 1997இல் துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. ஜோசப்பின் 'மலையகச் சிறுகதை வரலாறு' 2000ஆம் ஆண்டு வந்தது. 2014இல் சாரல்நாடனும் 2022இல் ஜோசப்பும் மறைந்தனர். இவர்கள் இல்லாவிட்டால் இன்று நான் உங்களுக்குச் சொன்னதில் பாதியைச் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு பிள்ளை வந்தாள். இவ்வளவையும் சொன்னேன். அவள் குறித்துக்கொள்ளவில்லை; கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான் அவளுடைய கதையைக் கேட்டேன். கூச்சத்தோடு கொடுத்தாள். ஆங்கிலம் தவறில்லை. கதை இலண்டனில் நடக்கிறது, பனி பெய்கிறது, கதாநாயகி ஒரு பழைய கடிதத்தை வாசிக்கிறாள். நான் எழுந்துபோய் என் பெட்டியைத் திறந்து, அந்தத் தபாலட்டையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய கதையோடு வந்தாள். ஒரு தாய் காலையில் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுப் பிந்திப் பிரட்டுக்களத்துக்கு வருகிறாள். பிந்தினதால் அன்றைக்குப் பேர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவள் வீட்டுக்குப் போகாமல் ரோட்டில் நின்று மற்றவர்கள் மலையேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

ஓரிடத்தில் அவள் தடுமாறியிருந்தாள். "சேர், 'பேர்'ங்கிறதை இங்கிலீஷ்ல எப்படிப் போடுறது? சம்பளம்னு போட்டா சரியில்ல. நாள்னு போட்டாலும் சரியில்ல."

உண்மைதான். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. செக்ரோலில் ஆளின் பெயருக்கு நேரே விழும் அடையாளம் அது. முழுநாள் செய்தால் ஒரு பேர். பாதியில் நிறுத்தினால் அரைப்பேர். பேர் விழவில்லை என்றால் அன்றைக்கு அந்த மனுசி அங்கே இருக்கவேயில்லை என்று அர்த்தம். இதை நான் 1980களில் கொச்சை என்று கோடு போட்டேன் என்பதையும் அவளிடம் சொன்னேன்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப நான் 'பேர்'ன்னே போடுறேன் சேர். வாசிக்கிறவங்க கதையிலருந்து விளங்கிக்கட்டும்" என்றாள். அது சரி வருமா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் வாசிப்பவர் அந்தச் சொல்லில் தடுக்கி விழவும் கூடும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வெறுமையாக இருந்த பக்கத்தையும் நிரப்பியிருந்தாள். என்ன ஆயத்தம் செய்தீர்கள் என்ற கேள்விக்கு ராமையாவின் கதையையும் சி.வி.யையும் குறிப்பிட்டிருந்தாள். அதற்கு முன்னால், முதல் வரியில், தன் அப்பத்தா இழவு வீடுகளில் ஒப்பாரி பாடக் கூப்பிடப்படுகிறவர் என்று எழுதியிருந்தாள். அந்த அப்பத்தாவைப் பற்றி அதுவரை எனக்கு அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. முடிவு வர இன்னும் சில மாதம் ஆகுமாம். பிரதியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றொன்றை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த முறை நான் அதை அட்டாலியில் வைக்கவில்லை.